கடைசிப் பந்தயம் எது என்பதை ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: ஃபார்முலா ஒன் அணித் தலைவர்களுக்கு கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஃபார்முலா ஒன் அணிகளின் தலைவர்கள், பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் நிர்வாகிகள்.

ஐயன்மீர்,

2024 செப்டம்பர் 22 அன்று சிங்கப்பூர்ப் பந்தயம் முடிந்த பிறகு டேனியல் ரிக்கார்டோ காரை விட்டு உடனே இறங்கவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் 18ஆவதாக வந்திருந்தார். ஆனால் கடைசி நேரத்தில் புது டயர் மாட்டிக்கொண்டு, அந்தப் பந்தயத்தின் மிக வேகமான சுற்றை ஓட்டியிருந்தார். எட்டுப் பந்தயங்களை வென்ற, 35 வயதான அந்த மனிதருக்கு அதுவே கடைசிப் பந்தயம் என்பதை அந்த இரவில் அவருடைய அணி வெளியே சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து ஓர் அறிக்கை வந்தது. அவருக்குப் பதிலாக 22 வயதான லியாம் லாசன் ஓட்டுவார் என்றது. அரங்கம் எழுந்து நின்று வழியனுப்பியிருக்க வேண்டிய ஒருவர், நிருபர்களின் கேள்விகளுக்குக் கண் கலங்க ஏதோ பதில் சொல்லிவிட்டுப் போனார். கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் என் பட்டறைக்கு மேல் இருக்கும் வீட்டில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. இந்த மடலின் முதல் வரிகளை அந்த இரவிலேயே எழுதினேன். அதற்குப் பிறகு நடந்தவை அதை முடிக்கச் சொல்லி என்னை வற்புறுத்திக்கொண்டே இருந்தன.

நான் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 57 வயது. தொழிலால் மெக்கானிக். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பதினான்கு ஆண்டுகள் கார் ஓட்டியவன். அவற்றில் பெரும்பகுதி, மாருதி 800இன் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டிய ஃபார்முலா மாருதி கார்களில். உங்கள் உலகத்தோடு ஒப்பிட்டால் அது குழந்தைகளின் தள்ளுவண்டிதான், மறுக்கவில்லை. ஆனாலும் இருக்கையை இழப்பது என்றால் என்ன என்பதை அந்தத் தள்ளுவண்டியும் ஒருவனுக்குக் கற்றுத் தரும்.

உங்களில் ஒருவர், ஏழு முறை உலகப் பட்டம் வென்ற லூயிஸ் ஹாமில்டன் தம் அணியை விட்டுப் போவதைப் பற்றிப் பேசுகையில், மூளையின் கூர்மை மிக முக்கியமான இந்த விளையாட்டில் எவருக்கும் ஒரு காலாவதி உண்டு என்ற பொருளில் கருத்துச் சொன்னார். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கிறோமே, அந்தத் தேதியைத்தான் அவர் ஒரு மனிதனின் முதுகில் ஒட்டினார். மாத்திரைக்கு அந்தத் தேதியைப் பரிசோதனைக் கூடத்தில் சோதித்துத்தான் குறிக்கிறார்கள். ஓட்டுநருக்கு அதைக் குறிப்பவர் யார், எந்தச் சோதனையை வைத்துக் குறிக்கிறார் என்பதே என் கேள்வி. அதே ஹாமில்டன் அதே 2024இல், தம் 39ஆவது வயதில், சில்வர்ஸ்டோனில் பந்தயத்தை வென்றார். அதற்கு முந்தைய அவருடைய வெற்றி 2021இல் வந்தது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் காலாவதியாகியிருந்தது ஓட்டுநரா, அவருக்குக் கொடுக்கப்பட்ட காரா என்பதை உங்கள் பொறியாளர்கள் நன்கு அறிவார்கள்.

ரிக்கார்டோவின் கதை தமிழர்களாகிய எங்களுக்கு வேறொரு விதத்திலும் உறைக்கும். 2011இல் ஹிஸ்பானியா என்ற மிக ஏழை அணியில் எங்கள் நரேன் கார்த்திகேயன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, இண்டியானாபோலிஸில் ஆறே கார்கள் ஓடிய அந்த விசித்திரமான பந்தயத்தில் நான்காவதாக வந்தவர். 2011 ஜூன் மாதம் வாலென்சியாவில் புறப்பட்ட 24 கார்களும் பந்தயத்தை முடித்தன. நரேன் 24ஆவதாக வந்தார். அதற்கு அடுத்த பிரிட்டன் பந்தயத்தில் அவருடைய காரில் ரெட் புல் வளர்த்த ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அப்போது நரேனுக்கு 34 வயது, வந்தவருக்கு 22. அந்த இளைஞரின் பெயர் டேனியல் ரிக்கார்டோ.

பழிக்குப் பழி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ரிக்கார்டோ நரேனுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. லாசனும் ரிக்கார்டோவுக்கு எதுவும் செய்யவில்லை. இளைஞர்கள் அழைக்கப்பட்ட இடத்துக்கு வந்தார்கள், அவ்வளவுதான். பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் ஏறக்குறைய அதே வயதில் இருவர் இறக்கப்பட்டதும், அதே 22 வயதில் இருவர் ஏற்றப்பட்டதும் தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கதைக்கு இடையில் ஒரு நாள் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. 2011 அக்டோபர் 30 அன்று புத் சர்வதேசத் தடத்தில் முதல் இந்தியப் பந்தயம் நடந்தபோது, நரேனுக்கு அந்த ஒரு வார இறுதிக்கு மட்டும் கார் திரும்பக் கிடைத்தது. ஒரே அணி, ஒரே மாதிரியான இரண்டு கார்கள். நரேன் 17ஆவதாக வந்தார். ரிக்கார்டோ 18ஆவதாக வந்தார். உலகத்துக்கு அது அடிவரிசைச் சண்டை. நானும் என் பட்டறைப் பையன்களும் அன்று எழுந்து நின்று கை தட்டினோம்.

இனி என் அனுபவம். 2006இல் எனக்கு 38 வயது. நான் ஓட்டிய அணியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது இன்று இல்லை, அதை நடத்தியவரோடு எனக்கு வழக்கும் இல்லை. முந்தைய சுற்றில் மூன்றாவதாக வந்திருந்தேன். பந்தயத்துக்கு முதல் நாள் இரவு வழக்கம்போல என் பழைய வேனில் கருவிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பி, ஆம்பூரில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, விடிவதற்குள் தடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தக் காருக்கு நான் ஓட்டுநர் மட்டுமல்லன், பாதி மெக்கானிக்கும் நானே. போனவுடன் காரின் பக்கவாட்டைப் பார்த்தேன். என் பெயர் எழுதிய ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். அதன் பசை மட்டும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் புத்தம் புதிய ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் நின்றான். அணியை நடத்தியவர் என் தோளில் கை வைத்து, "வயசாயிடுச்சு இல்லண்ணே, பசங்களுக்கும் வழி விடணும்" என்றார். அந்தப் பருவத்துக்கான டயர் செலவு முழுவதையும் பையனின் தந்தை ஏற்றுக்கொண்டிருந்தார் என்பது மத்தியானச் சாப்பாட்டின்போது வேறொரு மெக்கானிக் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஐயன்மீர், காசு இல்லாததால் இருக்கை போயிற்று என்று அன்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்கும், ஆனால் புரிந்திருக்கும். பந்தயம் பணத்தில் ஓடுவது, அதை அறியாத ஓட்டுநர் எங்கும் இல்லை. என் வயதைக் காரணமாகச் சொன்னதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. முந்தைய மாதப் பயிற்சியில் அதே அணியின் இன்னொரு காரை ஓட்டிய 24 வயதுக்காரரைவிட நான் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரை நொடி வேகமாக ஓட்டியிருந்தேன். அதை ஸ்டாப்வாட்சில் குறித்தவரே அணியை நடத்திய அவர்தான். அன்று காலை அந்தப் பையன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, இரண்டாவது வளைவுக்கு எந்த கியர் என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். எங்கே தடத்தில் சின்னக் குழிவு இருக்கிறது, எந்த இடத்தில் பிரேக்கை மெல்ல விட வேண்டும் என்பதையும் சொன்னேன். ஏழாவதாக வந்தான். மோசமில்லை. நான் அந்தப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, இரவோடு இரவாக ஊர் திரும்பினேன். அதற்கு முந்தைய மாதம் ஓட்டியதுதான் என் கடைசிப் பந்தயம் என்பது அந்த வேனில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் கடைசிச் சுற்றை எப்படி ஓட்டினேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கடைசி என்று தெரியாததால், நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே மாவட்டத்து லாரித் தொழிலில் நான் கண்ட வேறொரு முறையை இங்கே சொல்லியாக வேண்டும். என் தந்தை லாரி ஓட்டுநர். கிருஷ்ணகிரி கிரானைட் கல்லை ஏற்றிக்கொண்டு, தருமபுரியைத் தாண்டி, தொப்பூர்க் கணவாயில் இறங்கி, தூத்துக்குடிக்குப் போய்வந்தவர். தொப்பூர் இறக்கம் எப்படிப்பட்டது என்பதை அந்த நெடுஞ்சாலையில் போகும் எவரும் அறிவார்; பாரத்தோடு சேலம் பக்கமாக இறங்கும் லாரிகள், பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போய், முன்னால் போகும் வண்டிகள்மீது மோதிய விபத்துகளுக்குக் கணக்கில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது அங்கே எமனுக்கு ஆள் அனுப்புவதற்குச் சமம். ஏறின கியரிலேயே இறங்கு என்பது அப்பாவின் பாடம். அவருக்கு 61 வயதானபோது, இரவு ஓட்டத்துக்குக் கண் ஒத்துழைக்கவில்லை என்பதை அவரும் அறிவார், முதலாளியும் அறிவார். அந்த முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமே எங்கள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, இன்னும் இரண்டு மாதத்தில் வண்டியை இளையவர் ஒருவரிடம் கொடுக்கப்போவதாகவும், கடைசி லோடு எந்த ஊருக்கு என்பதை அப்பாவே முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். அப்பா தூத்துக்குடியைத்தான் கேட்டார். புறப்பட்ட நாளில் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார்கள். அடுத்து அந்த வண்டியை எடுக்கவிருந்த பையனைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, தொப்பூர் இறக்கத்தை மீட்டர் மீட்டராகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனாராம். எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு லாரி முதலாளிக்குத் தெரிந்த இந்த முறை, கோடிக்கணக்கான டாலர் புழங்கும் உங்கள் அணிகளுக்குத் தெரியாமல் போனது எப்படி?

முதியவர்களை எப்போதும் வைத்திருங்கள் என்று நான் கேட்பதாகத் தயவுசெய்து எண்ணிவிட வேண்டாம். உங்கள் கார் பிரேக் பிடிக்கும்போது தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்த எடையைப் போல ஐந்து மடங்கு விசை கழுத்தின் மீது இறங்குகிறது என்பதை அறிவேன். நாற்பதைக் கடந்த கழுத்து இருபதின் கழுத்து ஆகாது. 1957இல் தம் 46ஆவது வயதில் ஐந்தாவது பட்டம் வென்ற ஃபான்ஜியோவை இங்கே சாட்சிக்கு அழைக்க மாட்டேன், அந்தக் காலத்துக் கார் வேறு. செர்ஜியோ பெரெஸ் 2024இல் ரெட் புல் அணியில் எடுத்தது 152 புள்ளிகள், அதே அணியில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் எடுத்தது 437. எந்த அணித் தலைவரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நரேனுக்கு ஒரு காலத்தில் அந்த இடம் கிடைக்காமல் இருந்திருந்தால், எங்கள் ஊர்ப் பையன்கள் ஃபார்முலா ஒன் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் பெரெஸ் போன பிறகு நடந்ததையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்? 2024 ஜூனில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தீர்கள். டிசம்பரில், பருவம் முடிந்து பத்து நாள் கழித்து, அவர் போகிறார் என்று அறிவித்தீர்கள். அந்த இருக்கையில் லாசனை அமர்த்தி, இரண்டே பந்தயங்களில் இறக்கினீர்கள். அடுத்து யூக்கி சுனோடாவை அமர்த்தினீர்கள். 2025 முழுவதிலும் அந்த இருக்கையில் அமர்ந்த இருவரும் சேர்ந்து எடுத்த புள்ளிகள், காலாவதியானவர் என்று அனுப்பப்பட்டவர் எடுத்ததில் பாதியைக்கூட எட்டவில்லை. 2026க்கு அந்த இருக்கை சுனோடாவுக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. முதியவரைக் கண்ணியமில்லாமல் இறக்கும் பழக்கம், இளையவரையும் பொறுமையில்லாமல் இறக்கும் பழக்கமாக மாறிவிட்டதை நீங்கள் கவனித்தீர்களா?

அனுபவம் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு 2025 ஜூலை 6ஆம் தேதியைச் சொல்வேன். நிக்கோ ஹுல்கன்பெர்க் 2019 முடிவில் இருக்கையை இழந்தவர். மூன்று ஆண்டுகள் நிரந்தர இடமின்றி, யாருக்காவது உடல்நலம் கெட்டால் கூப்பிடப்படும் மாற்று ஓட்டுநராகக் காத்திருந்தவர். சில்வர்ஸ்டோனில் மழை விட்டுவிட்டுப் பெய்த அந்த நாளில், 37 வயதான அவர் 19ஆவது இடத்தில் புறப்பட்டு மூன்றாவதாக முடித்தார். அது அவருடைய 239ஆவது பந்தயம், மேடையேறியது அதுவே முதல் முறை. மழைத் தடத்தில் எந்தச் சுற்றில் டயரை மாற்ற வேண்டும் என்பது சிமுலேட்டர் அறையில் பிடிபடும் வித்தை அல்ல; நனைந்த தார் காயும்போது அதன் நிறம் எப்படி மாறுகிறது, ஸ்டியரிங் எந்த வளைவில் முதலில் கனக்கிறது என்பதையெல்லாம் ஆயிரம் முறை உணர்ந்த கைக்குத்தான் அது வசப்படும். இன்றைய இளைஞர்களை இதில் குறை சொல்லவும் முடியாது. 2025 பருவத்துக்கு முன் பஹ்ரைனில் நீங்கள் நடத்திய சோதனை ஓட்டம் மூன்றே நாள். ஓர் அணிக்கு ஒரே கார் என்பதால் ஓர் ஓட்டுநருக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். எங்கள் பட்டறையில் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வரும் பையனுக்கே அதைவிட அதிக நாள் கொடுக்கிறோம்.

அதற்கு அடுத்த மாதம் ஹங்கேரியில் நடந்ததும் இதோடு சேர்ந்தது. 44 வயதை ஐந்து நாளுக்கு முன்புதான் தொட்டிருந்த ஃபெர்னாண்டோ அலோன்சோ ஐந்தாவதாக வந்தார். அவருக்கு அடுத்ததாக, ஆறாவது இடத்தில் வந்த கேப்ரியல் போர்ட்டொலேட்டோ 20 வயது இளைஞர். அவருடைய வாழ்க்கைத் தொழிலைக் கவனித்துக்கொள்வது அலோன்சோவின் நிறுவனம். முதியவர் ஒருவர் தாமும் ஓடிக்கொண்டே இளையவரையும் வளர்க்க முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்துப் பக்கமாகச் சான்று கிடைக்காது. 2026இல் பதினோராவது அணியாக நுழையும் காடிலாக், தன் முதல் இரண்டு ஓட்டுநர்களாக யாரைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் பாருங்கள். நீங்கள் வெளியே அனுப்பிய பெரெஸையும் வால்ட்டரி போட்டாஸையும்தான். எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு காரைக் கட்டி எழுப்ப வேண்டியவர்களுக்கு, காரின் பின்பக்கம் எங்கே நழுவுகிறது என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

அதே ஹங்கேரி வார இறுதியில்தான் ஹாமில்டன், தகுதிச் சுற்றில் 12ஆவது இடம் பெற்றுவிட்டு வந்து, தாம் பயனற்றவர் என்றும், அணி வேறு ஓட்டுநரைத் தேட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். நூறு பந்தயங்களுக்கு மேல் வென்றவர் அவர். காலாவதி, காலாவதி என்று சுற்றி இருப்பவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு நாள் அந்தத் தேதியை அவரே தம் முதுகில் தேடத் தொடங்கிவிடுவார். எனக்கும் அது நடந்தது. 2006க்குப் பிறகு இரண்டு ஆண்டுகள், பட்டறைக்கு வரும் வண்டிகளைச் சோதித்துப் பார்க்க ஓட்டும்போதுகூட, என் கை உண்மையிலேயே மந்தமாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முன்கூட்டியே சொன்னால் ஓட்டுநர் மனம் விட்டுப்போய், அக்கறையில்லாமல் ஓட்டுவார் என்பது உங்கள் தரப்பில் சொல்லப்படும் நியாயம். உங்கள் சொந்த ஏடுகளே அதை மறுக்கின்றன. கிமி ரைக்கோனனுக்கு அடுத்த ஆண்டு ஃபெராரியில் இடமில்லை என்பது 2018 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் ஆஸ்டினில் தம் 39ஆவது வயதில் அவர் வென்றார், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக வராமல் இருந்த வெற்றி அது. கார்லோஸ் சைன்ஸுக்கு அதே ஃபெராரியில் அடுத்த ஆண்டுக்கான இடம் போய்விட்டது 2024 பருவம் தொடங்கும் முன்பே தெரியும். குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்தில் ஆஸ்திரேலியாவில் வென்றார், பிறகு மெக்ஸிகோவிலும் வென்றார். ஒரு கூடுதல் செய்தி: 29 வயதான சைன்ஸை இறக்கிவிட்டு அந்த இடத்துக்கு அழைக்கப்பட்ட ஹாமில்டனுக்கு அப்போது 39 வயது. ஆக, பெயருக்கு விலை இருக்கும்போது உங்களுக்கு வயது தடையாகத் தெரிவதில்லை. விலை குறையும்போதுதான் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுக்கிறீர்கள்.

எஃப்.ஐ.ஏ. நிர்வாகிகளுக்குத் தனியாக ஒன்று. இளம் ஓட்டுநர்களின் நலனுக்கு நீங்கள் விதியே வகுத்திருக்கிறீர்கள். ஒவ்வோர் அணியும் 2025 முதல் ஒரு பருவத்தில் நான்கு முறை, முதல் பயிற்சிச் சுற்றில், இரண்டு பந்தயங்களுக்கு மேல் ஓட்டாத புதியவருக்குக் காரைக் கொடுத்தாக வேண்டும். சிறப்பு விலக்கு பெற்றவர் தவிர, 18 வயதுக்குக் கீழே உரிமம் இல்லை என்றும் விதி உண்டு. உள்ளே வரும் கதவுக்கு இத்தனை விதிகளைப் பொருத்திய நீங்கள், வெளியே போகும் கதவுக்கு ஒன்றைக்கூடப் பொருத்தவில்லை.

எனவே கேட்கிறேன். எந்த அணியும் ஒரு முழுநேர ஓட்டுநரைப் பருவத்தின் நடுவிலோ முடிவிலோ நீக்குவதாக இருந்தால், அவருடைய கடைசிப் பந்தயத்துக்கு முன்பே, அவருக்கு நேரில் சொல்லியிருக்க வேண்டும் என்பதை விளையாட்டு விதிகளில் சேர்க்க வேண்டும். அதை வெளியே அறிவிப்பதா, தமக்குள் வைத்துக்கொள்வதா என்பதை அந்த ஓட்டுநரே முடிவு செய்யட்டும். விபத்து, நோய், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கலாம். தேர்வு மாறியது என்பதற்கு விலக்கு கூடாது.

நீக்கத்துக்கான காரணத்தை அணி எழுத்தில் அந்த ஓட்டுநருக்குத் தர வேண்டும். சுற்று நேரம் காரணம் என்றால் நேரத்தைக் காட்டுங்கள். விளம்பரதாரரின் பணம் காரணம் என்றால் பணம் என்று எழுதுங்கள். ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்க ஜெனீவாவில் ஏற்கெனவே ஒரு வாரியம் வைத்திருக்கிறீர்கள். அந்த எழுத்தின் ஒரு படி அங்கே இருக்கட்டும். வயதை மட்டும் காரணமாக எழுத எந்த அணிக்கும் உரிமை இருக்கக் கூடாது.

பயிற்சிச் சுற்றில் புதியவர்களுக்கு ஒதுக்கிய நான்கில் எதையும் குறைக்காமல், இருக்கை இழந்த அனுபவசாலிகளுக்கு ஒரு பருவத்தில் ஒரே ஒரு முறையாவது, ஏதேனும் ஓர் அணியின் காரில் ஓட்ட வாய்ப்புத் தர வேண்டும். ஹுல்கன்பெர்க் மூன்று ஆண்டு காத்திருந்ததைப் போல இனி ஒருவர் வெறும் நம்பிக்கையில் காத்திருக்க வேண்டாம். கடிகாரமே அவருக்குப் பதில் சொல்லட்டும்.

இந்த மடலின் ஒரு படியை எங்கள் நாட்டில் பந்தய அணி நடத்துபவர்களுக்கும் அனுப்புகிறேன். அவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது: ஸ்டிக்கரைச் சுரண்டுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு.

உங்களில் யாராவது பதில் எழுதினால் எந்த மொழியில் இருந்தாலும் சரி, என் மகள் படித்துச் சொல்வாள். அடுத்த பருவத்துக்கான விதிகளைத் திருத்தும் கூட்டத்துக்கு முன் அந்தப் பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பந்தய ஓட்டுநர், மெக்கானிக்,
பழைய பேட்டை, கிருஷ்ணகிரி.